"வழுக்கி விழுந்துட்டேன் டிரசர்!"



சென்ற இதழில் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த இதழில் எந்தக் கிருமியாலும் வராத ஒரு நோயைப் பற்றி எழுதப் போகிறேன். இதற்குத் தடுப்பூசி கிடையாது. என் ஆஸ்பத்திரி அலமாரியில் இதற்கு மாத்திரையும் கிடையாது. ஆனாலும் இந்த நோய் அடிக்கடி என் முன்னால் வந்து பெஞ்சில் உட்காருகிறது. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வழுக்கி விழுந்துட்டேன் டிரசர்."

கட்டிய கணவன் கையால் மனைவி படும் பாட்டைத்தான் சொல்கிறேன். "இது புருஷன் பெண்டாட்டி விவகாரம், டிரசருக்கு இதுல என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். எலும்பு முறிந்தால் அதற்குக் கட்டுப் போடுவது என் வேலை. காது கேட்காமல் போனால் மருந்து தேடுவது என் வேலை. ஆகவே அது எப்படி வந்தது என்று கேட்பதும் என் வேலைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டு, கணவரோடோ துணைவரோடோ வாழ்ந்த பெண்களில் நூற்றுக்கு 27 பேர் அவர்கள் கையால் அடியையோ பாலியல் கொடுமையையோ அனுபவித்திருக்கிறார்கள். நான்கு வீட்டுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் லயத்தில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்க்க உங்களுக்குத் தெரியும்.

உடம்பு சொல்லும் சேதி

வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். ஆகவே உள்ளங்கை உரியும், மணிக்கட்டு வீங்கும், முட்டி தேயும். அடி வாங்குகிறவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்குவார். அப்போது அடி முன்கையில், சுண்டுவிரல் பக்கத்து எலும்பில் விழும். விழுந்தவருக்குக் கன்னத்திலும், காதிலும், கழுத்திலும், மேல்கையின் உள்பக்கத்திலும் காயம் படுவது அபூர்வம். ஒரே உடம்பில் நீலமாக ஒரு கன்றலும், பச்சை மஞ்சளாக ஒரு கன்றலும் இருந்தால், இரண்டும் ஒரே நாளில் பட்டவை அல்ல என்று சந்தேகிக்க வேண்டும். நிறத்தை வைத்து இன்ன தேதி என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் நேற்றிரவு மட்டும் நடந்த சங்கதி அல்ல என்பது புரிந்துவிடும்.

மூன்று காயங்களைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது காது. ஓங்கி அறைந்தால் காதுக்குள் காற்று அழுத்திச் செவிப்பறை கிழிந்துவிடும். காதில் இரைச்சல், வலி, கொஞ்சம் இரத்தம், கேட்கும் திறன் குறைவு ஆகியவை அடையாளம். சிறிய கிழிசல் சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆனால் பாட்டி வைத்தியமாக எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். தண்ணீரும் போகக்கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது கழுத்து. கழுத்தை நெரித்தால் வெளியே ஒரு தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். குரல் கம்மும், எச்சில் விழுங்க வலிக்கும், கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். "இப்ப சரியாப் போச்சு டிரசர்" என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உள்ளே வீங்கி, சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கழுத்தில் கை வைத்தவன் பின்னால் கொலை வரைக்கும் போகும் ஆபத்து மிக அதிகம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாவது வயிற்றுப்பிள்ளைக்காரி வயிற்றில் படும் அடி. நஞ்சுக்கொடி கருப்பையை விட்டுப் பிரிந்து தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து வரலாம். வயிற்று வலி, உதிரப்போக்கு, பிள்ளை துள்ளுவது குறைதல் எது இருந்தாலும் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடிக்கு முன்னால் வருவது

அடி என்பது இந்த நோயின் முற்றிய கட்டம். அதற்கு வெகுநாள் முன்பே நோய் வீட்டுக்குள் வந்திருக்கும்.

என் தாயார் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்தில் சம்பள நாளன்று மேசைக்கு முன்னால் மனைவி கைநாட்டு வைப்பாளாம், பணத்தை எண்ணி வாங்கிக்கொள்வது கணவனாம். இன்றைக்குச் சம்பளம் பேங்கில் ஏறுகிறது. கார்டு யார் பையில் இருக்கிறது? ரகசிய எண் யாருக்குத் தெரியும்? காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவள், பிள்ளைக்கு ஒரு பென்சில் வாங்கவும் கையேந்தி நிற்கிறாள் என்றால், அங்கே ஒருவர் சம்பாதிக்கிறார், இன்னொருவர் ஆள்கிறார் என்றுதான் அர்த்தம்.

அடையாள கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, கைப்பேசியில் யார் யாரோடு பேசினாள் என்று தினமும் தோண்டிப் பார்ப்பது, அம்மா வீட்டுக்குப் போனால் மணிக்கணக்குப் பார்ப்பது, மண்டோரோடு சிரித்துப் பேசினாய் என்று இரவு முழுக்க விசாரணை வைப்பது, நான் கொடுத்த குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையைச் சாக்கடையில் எறிவது, "நீ போனா பிள்ளைங்களைப் பார்க்கவே முடியாது" என்று மிரட்டுவது. இவற்றில் எதிலும் கை ஓங்கவில்லை. ஆனால் அந்தப் பெண் தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சடைப்பு, உடம்பு வலி என்று மாதம் இரண்டு தடவை என்னிடம் வருவாள். இரத்த அழுத்தம் பார்ப்பேன், சரியாக இருக்கும். பனடோல் கொடுப்பேன். பனடோல் கேட்கிற நோயா இது?

சினிமாவில் பார்த்ததுதான்

இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. பெரியவர்கள் பலர் 1977-ல் கே. பாலசந்தர் எடுத்த 'அவர்கள்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரஜினிகாந்த் அதில் சந்தேகம் பிடித்த கணவன். சுஜாதா மனைவி. வார்த்தையாலேயே அவளை வதைக்கிறான். அவள் விவாகரத்து வாங்கிக்கொண்டு வேறு வாழ்க்கையைத் தேடும்போது, திருந்திவிட்டவன் போலத் திரும்பி வருகிறான். அது வேஷம் என்று பிறகுதான் தெரிகிறது. படம் பார்க்கும்போது எல்லாரும் அவனைத் திட்டினோம். பக்கத்து வீட்டில் அதே காரியம் நடந்தால் மட்டும், "மன்னிப்புக் கேட்டுட்டாரே, இன்னும் என்ன?" என்று அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்புகிறோம்.

அமெரிக்க உளவியல் அறிஞர் லெனோர் வாக்கர் 1979-ல் எழுதிய புத்தகத்தில் இதை ஒரு சுழற்சியாகக் காட்டினார். முதலில் வீட்டில் புழுக்கம் ஏறும். பிறகு வெடிக்கும். அதன்பின் அழுகை, மன்னிப்பு, புதுச் சேலை. சில நாள் தேனிலவு மாதிரி இருக்கும். மறுபடி புழுக்கம் ஏறும். எல்லா வீட்டிலும் இதே வரிசையில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று நாம் பெருமையாகச் சொல்லும் பழமொழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அணைத்த கை மறுபடி அடிக்காது என்று அந்தப் பழமொழி எங்கேயும் உறுதி கொடுக்கவில்லை.

இன்னொரு கதை வெள்ளைக்காரர் நாட்டுக் கதை. பேட்ரிக் ஹாமில்டன் என்பவர் 1938-ல் எழுதிய 'கேஸ் லைட்' என்ற நாடகம். 1944-ல் ஹாலிவுட்டில் படமாகவும் வந்தது. அந்தக் காலத்து லண்டன் வீடுகளில் குழாய் வழியே வரும் கேஸில் விளக்கு எரியும். கணவன் திருட்டுத்தனமாக மேல்மாடிக்குப் போய் அங்கே விளக்கேற்றி நகை தேடுகிறான். மேலே விளக்கேற்றியதும் கீழே மனைவியின் அறை விளக்கு மங்குகிறது. அவள் சொன்னால், "உனக்குப் பிரமை, புத்தி பேதலித்துவிட்டது" என்கிறான். பொருள்களை அவனே ஒளித்து வைத்துவிட்டு அவள் மறந்துவிட்டதாகப் பழி போடுகிறான். கடைசியில் அவளுக்கே தன் மேல் நம்பிக்கை போய்விடுகிறது. வெளியிலிருந்து வந்த ஒரு துப்பறிவாளர்தான், விளக்கு மங்குவது உண்மைதான் என்று அவளிடம் சொல்கிறார். அங்கிருந்துதான் அவளுக்கு விடிவு.

நம் ஊரில் அதையே "இவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சாமியாடியிடம் அழைத்துப் போவார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குடிதான் காரணமா?

"அவர் தங்கமானவர் டிரசர், குடிச்சாத்தான் இப்படி" என்று மனைவிமாரே சொல்வார்கள். சம்சு குடலைக் கெடுக்கும், ஈரலைக் கெடுக்கும், கோபத்தையும் கிளப்பிவிடும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். குடித்த மனிதர் கிராணியாரை அறைவதில்லை. மண்டோரின் கழுத்தைப் பிடிப்பதில்லை. கடைக்காரரிடம் கடன் சொல்லும்போது பணிவாகத்தான் பேசுகிறார். அத்தனை பேரையும் தாண்டி வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, உடுப்பு மறைக்கும் இடமாகப் பார்த்து அடிக்கிறார் என்றால், யாரை அடிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சொட்டுக் குடிக்காதவர்களும் அடிக்கிறார்கள். ஆகவே குடியை நிறுத்த வேண்டும், அதற்கு நான் உதவத் தயார். ஆனால் குடி நின்றால் கொடுமையும் தானாக நின்றுவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

நான் செய்த தவறு

இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். 2009-ல் நான் வேறொரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். ஒரு அக்கா காதைப் பொத்திக்கொண்டு வந்தார். கணவர் பக்கத்திலேயே நின்றார். "குளியலறையில வழுக்கிட்டா" என்று அவரே சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நான் புத்தகத்தில் 'வழுக்கி விழுந்தது' என்று எழுதினேன். சில மாதம் கழித்து முன்கை எலும்பு முறிந்து வந்தார். எனக்குப் புரியாமல் இல்லை. கணவரை வெளியே போகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த கடிதத்திலும் 'விழுந்தது' என்றே எழுதினேன்.

மூன்றாவது தடவை ஒரு நாள் விடியற்காலையில், நான்காம் வகுப்புப் படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். குரலே வரவில்லை. கழுத்தில் விரல் தடம். அன்றைக்குத்தான் அவர் போலீசுக்குப் போகத் துணிந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, முன்ன ரெண்டு தடவை வந்ததும் உங்க புக்குல இருக்குமில்ல? அதைக் காட்டினா நம்புவாங்கல்ல?" என்று கேட்டார்.

இருந்தது. 'விழுந்தது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அன்றைய காயத்தைச் சரியாக எழுதினார். அதை வைத்து அவருக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. இப்போது பட்டணத்தில் வேலை செய்கிறார். ஒரு காது கேட்காது.

அன்றிலிருந்து யார் காயத்தோடு வந்தாலும் கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன். காயத்தின் இடம், அளவு, நிறம், அவர் சொன்ன வார்த்தை, தேதி, நேரம் எல்லாம் எழுதுகிறேன். ஆகவே தாய்மார்களே, என்னிடமானாலும் வேறு டாக்டரிடமானாலும் உண்மையைச் சொல்லுங்கள். இன்றைக்குப் போலீசுக்குப் போக மனமில்லாமல் இருக்கலாம். அது உங்கள் இஷ்டம். ஆனால் எழுத்தில் இருந்தால், என்றைக்குத் தேவையோ அன்றைக்கு உதவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல் நிறைவேறி, 1996 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. 2012-லும் 2017-லும் திருத்தப்பட்டது. அடிப்பது மட்டுமல்ல, அடிப்பேன் என்று பயமுறுத்துவது, அறையில் பூட்டி வைப்பது, பொருள்களை உடைப்பது, மனத்தை வதைப்பது ஆகியவையும் இதில் அடங்கும். எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றாலும் இந்தச் சட்டம் உங்களைக் காக்கும். மனைவியால் கொடுமைப்படும் கணவருக்கும், பிள்ளைகளால் அடிபடும் வயதான பெற்றோருக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

சமூக நல இலாகா அதிகாரியிடம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். இது 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் இல்லாமலே வாங்கலாம், 7 நாள் செல்லும். போலீசில் ரிப்போர்ட் செய்தால், விசாரணை முடியும் வரை இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவுக்கு மனுச் செய்யலாம். எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். வழக்கு கோர்ட்டுக்குப் போனபின் கிடைக்கும் பாதுகாப்பு உத்தரவு 12 மாதம் வரை செல்லும், நீட்டிக்கவும் முடியும்.

"வீடு அவர் பேர்ல இருக்கு, என்னை வெளியே தள்ளிடுவாரே" என்பது தோட்டத்தில் பெரிய பயம். வீடு யார் பெயரில் இருந்தாலும், அடித்தவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. துணிமணி எடுக்கப் பயமாக இருந்தால் போலீசோ சமூக நல அதிகாரியோ கூட வருவார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில், இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு டாக்டர், போலீஸ், நல அதிகாரி எல்லாரும் ஒரே இடத்தில் உதவும் ஏற்பாடு உண்டு. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் 1994-ல் தொடங்கியது அது. 1982 முதல் இயங்கும் டபிள்யூ.ஏ.ஓ. என்னும் பெண்கள் உதவி அமைப்பு, தங்க இடமும் ஆலோசனையும் கொடுக்கிறது.

எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உயிராபத்து என்றால் 999. எந்த நேரமும் உதவிக்கு 15999. மனம் உடைந்து, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 15555. களைக்கொல்லி மருந்தை எக்காரணத்தைக் கொண்டும் வீட்டில் வைக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்றவையும் விஷம்தான்.

பிரிந்து போகும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். கோபத்தில் "நான் போறேன்" என்று கத்திவிட்டுக் கிளம்பாதீர்கள். அடையாள கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பேங்க் கார்டு, மருந்து, கொஞ்சம் ரொக்கம் இவற்றை ஒரு பையில் போட்டு நம்பிக்கையான ஒருவர் வீட்டில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

அண்டை அயலாருக்கும் ஆண்களுக்கும்

லயத்துச் சுவர் மெல்லிய சுவர். ஒரு வீட்டில் தட்டு விழுந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். கேட்டும் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறோம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. சண்டைக்கு நடுவில் பாய வேண்டியதில்லை. போன் போட்டால் போதும். மறுநாள் அந்தப் பெண் தனியாக இருக்கும்போது, "எனக்குக் கேட்டுச்சு. உன் மேல தப்பு இல்லை" என்று சொல்லுங்கள். அந்த நாடகத்துத் துப்பறிவாளர் செய்ததும் அவ்வளவுதான்.

கோயில் தலைவர்களும், சங்கக் கமிட்டிக்காரர்களும் பஞ்சாயத்து வைத்து "கல்லானாலும் கணவன்" என்று புத்தி சொல்லி அனுப்புவதை நிறுத்த வேண்டும். கண்ணகி மாதிரி இருக்கச் சொல்கிறீர்கள். சரி. அநியாயம் என்று தெரிந்ததும் கையில் சிலம்பை எடுத்துக்கொண்டு நேரே அரசன் சபைக்குப் போய் வழக்காடியவள் அல்லவா கண்ணகி? நம் பெண்கள் கையில் டாக்டர் எழுதிய காகிதத்தோடு போலீஸ் நிலையத்துக்குப் போனால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமா?

ஆண்களே, இதைப் படித்துக் கோபம் வந்திருந்தால் அந்தக் கோபத்தோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பேசுவோம். அடித்துவிட்டு அழுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கைமீறிப் போகிறது என்று தோன்றினால் அன்று வீட்டை விட்டு வெளியே நடந்து போங்கள். குடியை விட உதவி கேளுங்கள். அவள் சம்பளக் கார்டை அவளிடம் கொடுங்கள். உங்கள் மகன் தூங்கிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்காதீர்கள். போர்வைக்குள் விழித்துக்கொண்டுதான் கிடக்கிறான்.

என் ஆஸ்பத்திரிக் கதவு காலை ஏழு மணிக்குத் திறக்கும். அவசரம் என்றால் இரவிலும் என் வீட்டுக் கதவைத் தட்டலாம். "வழுக்கி விழுந்துட்டேன் டிரசர்" என்று சொன்னாலும் மருந்து போடுவேன். ஆனால் இன்னொரு தடவை மெதுவாகக் கேட்பேன். அப்போதாவது சொல்லுங்கள், தாயே.